செவிலி கூற்று: ஒரகடம் சாலையிலிருந்து சில குறிப்புகள்

1

மருந்துச் சீட்டில் டாக்டர்கள் எழுதும் 1–0–1 என்ற குறியீடு நம் எல்லோருக்கும் பழக்கமானதுதான். காலையில் ஒன்று, மதியம் வேண்டாம், இரவில் ஒன்று. படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று மாத்திரைக் கவரின்மேல் சூரியனையும் நிலாவையும் படமாகப் போட்டுத் தருகிற இடங்களும் உண்டு. வெறும் மூன்று எண்கள். ஆனால் 'நாள்' என்றால் என்ன என்பது பற்றிய முழுக் கருத்தாக்கமே அதற்குள் இருக்கிறது. சூரியனோடு எழுந்து, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இருட்டினால் படுக்கிற ஓர் உடலை மனதில் வைத்துத்தான் அந்தச் சீட்டு எழுதப்படுகிறது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்கு நின்று பாருங்கள். ஆறு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஒன்றரை மணி நேரம் கழித்து அதே பஸ்கள் இரவு ஷிப்ட் முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் முகங்கள். ஆறிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து பத்து, பத்திலிருந்து ஆறு என்று நாள் மூன்றாக வெட்டப்பட்டிருக்கிறது. பல ஆலைகளில் இந்த மூன்று துண்டும் வாரத்துக்கு வாரம் ஆள் மாறி வரும். இரவு பத்து மணிக்கு உள்ளே போகிற ஒருவர் இன்சுலின் போடுபவராக இருந்தால் அவருக்குக் 'காலை' எது? ஒரு தொழிலாளி இதை நேராகவே கேட்டார்: "டாக்டர் காலையில ராத்திரியிலன்னு சொல்லிட்டாரு. எனக்கு ராத்திரிதான சார் காலை?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவராக ஆலைக்குள் இருப்பவர் முதலுதவி அறையின் செவிலியர். 'சிஸ்டர்' என்பார்கள். அப்படி ஒருவர் சொன்ன பதில் இது: "சூரியனைப் பாக்காதீங்கண்ணே, சோத்தைப் பாருங்க. சாப்பாடு கைக்கு வரும்னு உறுதியாத் தெரியாம ஊசியைத் தொடாதீங்க. வாரம் மாறுற ஞாயித்துக்கிழமை என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து எங்கிட்டயும் சொல்லிடுங்க."

இந்த வடிவில் இந்தப் பதில் எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது. ஊசி மருந்து எத்தனை நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்கும், கேன்டீன் எத்தனை மணிக்குத் திறக்கும், சூப்பர்வைசர் எப்போது ஆளை விடுவார், டாக்டர் எதைக் கேட்டால் கோபப்படுவார் என்ற நான்கு வேறுவேறு அறிவுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. இதை அவர் எங்கே கற்றார்? கற்பதற்கு யார் நேரம் கொடுத்தார்கள்? கற்றது ஏன் அவர் பெயரில் எங்கும் பதிவாகவில்லை?

நீரிழிவு மருத்துவத்தின் வரலாறு நம்மிடம் கண்டுபிடிப்புகளின், டாக்டர்களின், ஆஸ்பத்திரிகளின் வரலாறாக இருக்கிறது. செவிலியரின் அறிவு 'சேவை' என்ற சொல்லுக்குள் கரைக்கப்பட்டு, அறிவாக எண்ணப்படாமலே போயிருக்கிறது. இன்று அதே அறிவு 'சுயகற்றல்' என்ற புதுப் பெயரில் அவருடைய சொந்தக் கடமையாக அவரிடமே திருப்பிக் கொடுக்கப்படுகிறது. இந்த இரண்டையும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்களாக வாசிக்க வேண்டும் என்பதுதான் இங்கே சொல்ல வருவது.

2

1921இல் டொரன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது செலுத்தப்பட்டது. கதை பொதுவாக இங்கே முடிக்கப்படும். ஆனால் இன்சுலின் ஒருமுறை கொடுத்து முடிக்கிற மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியை விட்டு வீட்டுக்குப் போன பிறகும் ஒவ்வொரு நாளும், சாப்பாட்டைக் கணக்குப் பார்த்து, தன் கையால் தனக்கே ஊசி போட வேண்டும். மருத்துவ வரலாற்றில் இது புதிய நிலைமை. நோயாளியின் சமையலறைக்குள் யாராவது போய்க் கற்றுக்கொடுத்தால்தான் மருந்து மருந்தாகும்.

பாஸ்டனில் எலியட் ஜாஸ்லின் இதை முன்பே உணர்ந்திருந்தார். டாக்டரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்தும் கையேடு ஒன்றை இன்சுலினுக்கு முன்பே, 1918இல் வெளியிட்டவர் அவர். 1920களில் அவரிடம் பயிற்சி பெற்ற செவிலியர்கள் 'அலைந்து திரியும் செவிலியர்' என்ற பெயரில் வீடுவீடாகப் போய்க் கற்றுக்கொடுத்தார்கள். இங்கிலாந்தின் லெஸ்டரில் ஜோன் வாக்கர் என்ற பெண் டாக்டர் 1950களின் தொடக்கத்தில் வீடுகளுக்குச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களை நீரிழிவு வேலைக்கென்றே அமர்த்தினார். பின்னாளில் 'நீரிழிவுச் சிறப்புச் செவிலியர்' என்று ஒரு தனித்தொழிலாக இது அங்கே வளர்ந்தது. 2006இலிருந்து, உரிய பயிற்சி பெற்ற செவிலியர் மருந்து எழுதித் தரவும் அங்கே உரிமை உண்டு.

நம் பக்கம் 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கென்று தனிப்பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் அவருடைய மருத்துவமனை வந்தது. அந்தக் கால வார்டு வேலையை நினைத்துப் பார்க்கலாம். ஒரு சோதனைக் குழாயில் 5 மில்லி பெனடிக்ட் கரைசல். அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர். கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் சிவப்பு வந்தால் மிக அதிகம். நாளுக்கு மூன்று நான்கு முறை, ஒவ்வொரு படுக்கைக்கும். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைப்பது, மழுங்கிய ஊசியைத் தீட்டுவது, போட்ட இடத்திலேயே போடாமல் இடம் மாற்றுவது எல்லாம் இதோடு சேர்ந்தது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் இருக்கிற ஒரு நிறத்தை எதில் சேர்ப்பது என்பது கைப்பழக்கத்தில் மட்டுமே வருகிற தீர்ப்பு.

சிறுநீரைப் பார்த்து நோயறிவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. நீர்க்குறி, நெய்க்குறி என்று சித்த மருத்துவம் அதற்கு இலக்கணமே வகுத்திருக்கிறது. மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்த்தால் என்ன நோய் என்று ஊர்க் கிழவிக்குத் தெரியும். புதிதாக வந்தது வேலைப்பிரிவினைதான். சிறுநீரைத் தொட்டவர், கொதிக்க வைத்தவர், நிறத்தைப் பார்த்து சார்ட்டில் குறித்தவர் எல்லாம் செவிலியும் வார்டு ஆயாவும். அந்தக் குறிப்பை வைத்து இன்சுலின் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டவர் டாக்டர். வரலாற்றில் கையெழுத்துத்தான் ஆவணம். நிறத்தைப் பார்த்த கண் ஆவணத்தில் வராது.

உலக அளவிலும் இதே கதைதான். சர்க்கரையை இறுக்கிக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் தப்பும் என்பதை நிறுவிய புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 1993இல் வெளியாயின. 1,441 பேர், 29 மையங்கள், பத்தாண்டுகள். கண் பாதிப்புக்கான ஆபத்து 76 விழுக்காடு குறைந்தது. அந்தக் கட்டுப்பாட்டை நாள்தோறும் சாத்தியமாக்கியவர்கள் நோயாளிகளோடு ஓயாமல் தொடர்பில் இருந்த ஒருங்கிணைப்பாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் செவிலியர்கள். ஆய்வின் முடிவு மருத்துவ உலகைப் புரட்டிப் போட்டது. அதைச் செய்துகாட்டிய கைத்திறனைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்?

3

'செவிலி' என்ற சொல் அகப்பாடல்களிலிருந்து நமக்கு வருகிறது. தலைவியை வளர்த்த தாய். பெற்ற தாயான நற்றாயிலிருந்து வேறானவள். அகமரபில் செவிலிக்குக் கூற்று உண்டு. தலைவனோடு போய்விட்ட மகளைத் தேடிச் சுரத்தில் நடப்பவளும் செவிலிதான். பெற்ற உரிமை இல்லாமல், வளர்த்த உழைப்பை மட்டுமே உரிமையாகக் கொண்டு பேசுகிற குரல் அது. நர்ஸ் என்பதற்கு இந்தச் சொல்லைத் தேர்ந்தவர்கள் உழைப்பை எடுத்துக்கொண்டார்கள்; கூற்றை விட்டுவிட்டார்கள்.

மதராஸ் பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871இல் தொடங்கியது. செவிலியர்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்யும் சட்டம் 1926இல் வந்தது. இந்தத் தொழிலுக்கு வந்தவர்களில் கிறிஸ்தவப் பெண்கள் ஏராளம். அந்நிய உடலையும் அதன் கழிவையும் தொடுகிற வேலை சாதிச் சமூகத்தில் எப்படிப் பார்க்கப்படும் என்பதைத் தனியாக விளக்கத் தேவையில்லை. 'சேவை', 'தியாகம்', 'தேவதை' என்ற மொழி அந்தத் தீட்டுக்கு மேல் போர்த்தப்பட்ட வெள்ளைத்துணி. துணிக்குக் கீழே சம்பளம் குறைவாகவே இருந்தது. பேசும் உரிமை அதைவிடக் குறைவு.

கிராமத்தில் கதை வேறு வழியாகப் போனது. 1973இல் கர்தார் சிங் குழு பல்நோக்குப் பணியாளர் என்ற கருத்தை வைத்தது. நம் ஊரில் கிராம சுகாதார செவிலியர் ஆனவர் பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்ற மூன்று பதிவேடுகளோடு நடந்தார். அந்தப் பதிவேடுகளில் பெண்ணின் உடல் கருப்பையாக மட்டுமே இருந்தது. சர்க்கரை அதில் வரவே இல்லை. அது 'பணக்கார வியாதி' என்று நம்பிய காலம். உலக வங்கிக் கடனோடு 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ்த்தான் தொற்றா நோய்கள் அரசின் கண்ணில் முறையாகப் பட்டன. 2007 முதல் சோதனைத் திட்டங்கள். பிறகு மாநிலம் முழுக்க விரிவு. இதற்கென்று தனிச் செவிலியர்கள், ஒப்பந்தத்தில்.

இந்த 'ஒப்பந்தம்' என்ற சொல்லில் நிற்க வேண்டும். நீரிழிவுக்காரரைப் பார்ப்பது நீண்டகால உறவு. போன வருடம் கால்விரலில் இருந்த சிறு புண்ணை நினைவில் வைத்திருப்பவர்தான் இந்த வருடம் காலைக் காப்பாற்ற முடியும். உறவே சிகிச்சையாக இருக்கும் இடத்தில் ஆளை ஒப்பந்தத்தில் வைப்பது என்பது நினைவையே ஒப்பந்தத்தில் வைப்பதுதான். 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு எடுக்கப்பட்ட செவிலியர்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு போராடினார்கள். கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட 2,472 செவிலியர்களின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிக்கப்பட்டது. நோய்க் காலத்தில் கைதட்டல். நோய் தணிந்ததும் வீட்டுக்கு அனுப்புதல்.

இடையில் 2020இல் எடுக்கப்பட்ட மாநிலக் கணக்கெடுப்பு ஒன்று, நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்குத்தான் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று காட்டியது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது; 2024இல் பணியிடங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாத்திரை வீட்டு வாசலுக்கு வந்தது பெரிய மாற்றம், அதை மறுக்க முடியாது. அதைச் சுமந்து வந்தவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து எடுக்கப்பட்ட பெண்கள். அவர்களுக்கு இடப்பட்ட பெயர் 'தன்னார்வலர்'. கொடுத்தது தொடக்கத்தில் மாதம் 4,500 ரூபாய் ஊக்கத்தொகை. தொழிலாளி என்று சொன்னால் சம்பளம் கொடுக்க வேண்டும். தன்னார்வலர் என்றால் ஊக்கம் கொடுத்தால் போதும்.

4

இனி ஆலைக்குள் போவோம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் வந்த நோக்கியா 2014இல் மூடிவிட்டுப் போனது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். ஏரிப்பாசனமும் மானாவாரியும் இருந்த ஊர்கள் பதினைந்து இருபது வருடத்தில் மூன்று ஷிப்ட் ஊர்களாயின. உள்ளே லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கிற இளைஞர்கள், வெளி மாவட்டத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கும் பெண்கள். வெளியே கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, பஸ் ஓட்டுநர், தோட்டம் பார்ப்பவர், கழிவறை கழுவும் அம்மா இவர்களெல்லாம் நாற்பது ஐம்பதைத் தாண்டியவர்கள். அவர்களில் சுற்றுவட்டார கிராமத்துக்காரர்கள் நிறைய. நிலத்தைக் கொடுத்துவிட்டு அதே நிலத்தில் கான்டிராக்ட் கூலிக்கு வந்தவர்களும் உண்டு. சர்க்கரை முதலில் பிடித்திருப்பது இவர்களைத்தான். ஆலை மருத்துவத்தின் கணக்கில் கடைசியாக வருபவர்களும் இவர்கள்தான்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, 500 தொழிலாளர்களுக்கு மேல் உள்ள ஆலையில் மருத்துவ, செவிலியப் பணியாளர் பொறுப்பில் ஓர் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த 500 என்ற எண் அப்படியே தொடர்கிறது. அறை என்று சட்டம் நினைத்தது விபத்துக்கு: விரல் நசுங்கினால், கண்ணில் துகள் விழுந்தால். பழைய சட்டத்தின் மூன்றாம் அட்டவணை அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோய்களை வரிசைப்படுத்தியது. ஈய விஷம், சிலிக்கா நுரையீரல் என்று போகும் அந்தப் பட்டியலில் நீரிழிவு இல்லை. ஆக, சர்க்கரை தொழிலாளியின் சொந்த விஷயம். அவன் தின்ற சோற்றின் விஷயம், அவன் அப்பன் கொடுத்த மரபணுவின் விஷயம்.

இரவு ஷிப்டுக்கும் நீரிழிவுக்கும் உறவு உண்டு என்று நமக்குச் சொன்ன முக்கியமான ஆய்வு எது தெரியுமா? அமெரிக்காவில் 1976 முதல் செவிலியர்களிடம் கேள்வித்தாள் அனுப்பி நடத்தப்பட்ட 'செவிலியர் உடல்நல ஆய்வு'. அதன் இரண்டு தலைமுறைகளைச் சேர்ந்த சுமார் 1,77,000 பெண்களின் தரவுகளை வைத்து 2011இல் ஒரு கட்டுரை வந்தது. சுழலும் இரவுப்பணியில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களுக்கு, இரவுப்பணியே செய்யாதவர்களைவிட நீரிழிவு வரும் ஆபத்து 58 விழுக்காடு கூடுதல் என்றது அது. உடல் எடை கூடியதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 24 விழுக்காடு மிச்சமிருந்தது. எல்லா ஷிப்ட் தொழிலாளர்களுக்கும் பயன்படுகிற ஓர் உண்மை செவிலியரின் உடம்பிலிருந்து எடுக்கப்பட்டிருக்கிறது. அறிவைப் பெறுபவராக அவர் அங்கீகரிக்கப்படுவதற்கு முன்பே அறிவின் கச்சாப்பொருளாக ஆகியிருந்தார்.

ஆம்புலன்ஸ் அறைக்கு வருகிற சர்க்கரை எப்படி இருக்கும்? காலை ஊசியைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிய ஓட்டுநர், டிபன் தள்ளிப்போகிறது. அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் கொடுக்கப்படும் கலப்பு இன்சுலினில் முப்பது பங்கு அரைமணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும், சோறு வந்ததா வரவில்லையா என்று அது பார்க்காது. கைநடுக்கம், வியர்வை, உளறல். 'குடிச்சிட்டு வந்திருக்கான்' என்று செக்யூரிட்டி முடிவு கட்டுவதற்கும் சிஸ்டர் விரலில் குத்தி 70க்குக் கீழே இருப்பதைப் பார்ப்பதற்கும் நடுவில் ஐந்து நிமிடம்தான் இருக்கிறது. மூன்று ஸ்பூன் சர்க்கரை, பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி ஒரு குத்து, பிறகு சாப்பாடு.

இன்னொன்று சிரிஞ்சு. நம் நாட்டில் 40 யூனிட் இன்சுலினும் 100 யூனிட் இன்சுலினும் சேர்ந்தே புழங்குகின்றன. முதலாவதுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதுக்கு ஆரஞ்சு மூடி. 40 மருந்தை 100 சிரிஞ்சில் அதே கோடுவரை இழுத்தால் உடம்புக்குப் போவது ஐந்தில் இரண்டு பங்கு. மாறிப்போனால் இரண்டரை மடங்கு. மெடிக்கல் ஷாப்பில் கையில் கிடைத்ததைக் கொடுத்திருப்பார்கள். 'ஊசி ஒழுங்காப் போடுறேன், சுகர் இறங்கவே மாட்டேங்குது' என்று வருபவரிடம் மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் 'சிரிஞ்சை எடுத்துட்டு வாங்க, மூடி என்ன கலருன்னு பாக்கலாம்' என்று கேட்கத் தெரிவதுதான் தொழில்திறன். ஃபிரிட்ஜ் இல்லாத அறையில் மருந்தை எங்கே வைப்பது என்பது அடுத்தது. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, நடுவில் ஈரமணல் என்ற பதில் கிராமத்திலிருந்து ஆலைக்கு வந்திருக்கிறது.

இவ்வளவும் தெரிந்த செவிலியர் யாருடைய ஆள் என்ற கேள்வி இருக்கிறது. அவர் சம்பளம் நிர்வாகத்திடமிருந்தோ, நிர்வாகத்துக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியிடமிருந்தோ வருகிறது. வேலைக்கு எடுக்குமுன் ரத்தப் பரிசோதனை செய்து 'ஃபிட்' என்று எழுதும் மேசையும் அவர் பக்கத்தில்தான். சுகர் இருப்பது தெரிந்தால் கான்டிராக்ட் புதுப்பிக்கப்படாது என்ற பயத்தில் மறைப்பவர்கள் உண்டு; கழிவறையில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் உண்டு. அவர்கள் செவிலியரை நம்பி வாயைத் திறந்தால்தான் அவரிடம் அறிவு சேரும். திறந்ததை அவர் பதிவேட்டில் எழுதினால் நம்பிக்கை போய்விடும். மருத்துவப் பார்வையும் கண்காணிப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை ஃபூக்கோ எழுதினார். இங்கே அந்தப் பின்னலின் முடிச்சு ஓர் இளம்பெண்ணின் மேசையில் விழுந்திருக்கிறது. பல சமயம் அவர் எழுதாமல் விடுவதன் மூலமே சிகிச்சை செய்கிறார்.

5

இப்போது 'சுயகற்றல்' என்ற சொல்லுக்கு வரலாம். மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1975இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார். தனக்கு என்ன கற்க வேண்டியிருக்கிறது என்பதைக் கற்பவரே கண்டறிந்து, இலக்கு வைத்து, வழி தேடி, தானே மதிப்பிட்டுக்கொள்வது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வாத்தியாரின் பிரம்பிலிருந்து விடுதலை. ஏறத்தாழ அதே காலத்தில் பாவ்லோ ஃப்ரெய்ரேயும் இவான் இல்லிச்சும் பேசியது வேறொன்று. ஃப்ரெய்ரேயிடம் கற்றல் என்பது கூட்டாகத் தம் நிலைமையைப் பெயரிட்டு வாசிப்பது. இல்லிச்சிடம் அது நிறுவனங்கள் பிடுங்கிக்கொண்ட திறனை மக்கள் திரும்ப எடுப்பது. தொழிற்கல்வி உலகம் நோல்ஸைத் தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை. அங்கே 'தான்' என்பது தனியாள். தனியாளுக்குப் பில் அனுப்புவது சுலபம்.

நடைமுறையைப் பாருங்கள். செவிலியர் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தொடர்கல்வி மணிநேரத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆலைச் செவிலியருக்கு அந்த மணிநேரம் எங்கிருந்து வரும்? அவரும் ஷிப்டில் இருக்கிறார். வார விடுமுறையில், சொந்தக் காசில், இன்சுலின் பேனா விற்கும் கம்பெனி ஸ்பான்சர் செய்யும் ஹோட்டல் கூட்டத்தில். அங்கே கற்றுக்கொடுக்கப்படுவது பேனாவின் சிறப்பு. ஆலை வாசலில் அவரைச் சந்திப்பதோ சிவப்பு மூடி சிரிஞ்சு. மிச்சக் கற்றல் இரவு இரண்டு மணிக்குக் கைபேசியில் நடக்கிறது. மலையாளமும் தமிழும் ஆங்கிலமும் கலந்த வீடியோக்கள், கூடப் படித்தவர்களின் வாட்ஸாப் குழு. "இன்னைக்கு ஒருத்தருக்கு 48, என்ன கொடுத்தேன்னா..." என்று தொடங்கும் குரல்பதிவுகள். சான்றிதழ் மணிக்கணக்கில் இது சேராது. உண்மையில் இதுதான் இந்தத் தொழிலின் பள்ளிக்கூடம்.

பேட்ரிஷியா பென்னர் 1984இல் செவிலியரின் தேர்ச்சி ஐந்து படிகளில் வளர்வதாக எழுதினார். தொடக்கத்தில் விதியைப் பிடித்துக்கொண்டு நடப்பவர் கடைசிப் படியில் சூழலை ஒரே பார்வையில் முழுதாகப் பிடிக்கிறார். செஸ் ஆட்டக்காரர்களையும் விமானிகளையும் வைத்து டிரைஃபஸ் சகோதரர்கள் உருவாக்கிய மாதிரியிலிருந்து அவர் இதை எடுத்துக்கொண்டார். செவிலியின் கைத்திறனை அறிவு என்று ஒப்புக்கொள்ள வைத்ததில் அந்த நூலுக்குப் பங்குண்டு. ஆனால் ஐந்தாம் படிக்குப் போக அதே இடத்தில் பல ஆண்டுகள் இருக்க வேண்டும். பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர் எந்தப் படியில் நிற்பார்? ஏஜென்சி மாறும்போது அவர் மறுபடி முதல் படி.

கருவி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் அறிவு போகும் என்பதற்கு ஒரு கதை உண்டு. ரத்தச் சர்க்கரை அளக்கும் மீட்டர் 1970 வாக்கில் வந்தபோது அதை டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்றார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்க இன்ஜினியர் சிறுவயதிலிருந்தே நீரிழிவுக்காரர். டாக்டரான மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கி, நாளுக்குப் பலமுறை தன் ரத்தத்தை அளந்து, உணவையும் ஊசியையும் தானே சரிசெய்து கற்றார். இன்ஜினியர் சொன்னதை மருத்துவ இதழ்கள் ஏற்கவில்லை. நாற்பது வயதைத் தாண்டி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து அவர் டாக்டரே ஆனார். வழியில் குறுக்கே நின்ற கேட்டைத் தாண்ட அவருக்குப் படிப்பும் பணமும் மனைவியின் பட்டமும் இருந்தன. சுயகற்றல் என்று நாம் கொண்டாடுகிற கதைகளில் இந்த 'இருந்தன' என்ற பட்டியலைத் தனியே எடுத்துப் பார்ப்பது நல்லது.

மொழியும் ஒரு கேட். யாழ்ப்பாணத்தில் சாமுவேல் கிறீன் 1864இலிருந்து மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். பாடநூல்களைத் தமிழில் ஆக்கினார். 1990களில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. கூட்டாகக் கற்பது எப்படி என்பதற்கு நம்மிடம் முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஆனால் இன்று ஆலைச் செவிலியர் ஆங்கிலத்தில் படித்து, ஆங்கிலத்தில் பதிவேடு எழுதி, தமிழிலும் இந்தியிலும் நோயாளியிடம் பேசுகிறார். நடுவில் நடக்கும் மொழிபெயர்ப்பு அவருடைய மூளைக்குள்ளேயே நடந்து அங்கேயே தங்கிவிடுகிறது. திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி மறைபொருளை ஊருக்கே சொன்னதாக வைணவ மரபு கொண்டாடும் ராமாநுஜர் பிறந்த ஊர் இந்த ஸ்ரீபெரும்புதூர்தான். அது நடந்ததா என்பது வேறு விவாதம். இந்த ஊர் ஆலைகளுக்குள் இருக்கிற எளிய மறைபொருளை வெளியே சொல்லக் கோபுரம்கூட வேண்டாம், ஒரு பதிவேடு போதும்.

6

அந்தப் பதிவேட்டில் இன்று இருக்கிற பத்திகள்: தேதி, பெயர், டோக்கன் எண், துறை, புகார், கொடுத்த மருந்து, கையெழுத்து. 'ஷிப்ட்' என்ற பத்தி பல இடங்களில் இல்லை. கடைசியாகச் சாப்பிட்டது எத்தனை மணிக்கு என்ற பத்தி எங்கும் இருக்க வழியில்லை. இந்த இரண்டு பத்திகளும் இருந்தால் ஒரே வருடத்தில் தெரிந்துவிடும், சர்க்கரை இறங்கி மயங்குகிறவர்கள் எந்த ஷிப்டில், வாரத்தின் எந்த நாளில், கேன்டீன் எவ்வளவு தள்ளிப்போனபோது மயங்குகிறார்கள் என்று. சொந்த விஷயம் என்று சொல்லப்பட்டது வேலைநேரத்தின் விஷயமாக மாறிவிடும். பத்தி ஏன் இல்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மார்க்ஸ் 'மூலதனம்' முதல் பாகத்தில் வேலைநாளைப் பற்றி எழுதிய அத்தியாயத்தைத் திரும்ப ஒருமுறை பார்க்கலாம். அதன் சதை முழுக்க ஆலை ஆய்வாளர்களும் டாக்டர்களும் எழுதிய அறிக்கைகள். ஆலைக் கடிகாரம் மனிதனின் காலவுணர்வையே மாற்றியமைத்ததை ஈ.பி. தாம்சன் 1967இல் எழுதினார். இன்சுலின் போடும் உடல் அந்தக் கடிகாரத்தோடு நாள்தோறும் மோதுகிற உடல். 2023 ஏப்ரல் 21இல் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேற்றப்பட்டு, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. அந்த மசோதாவை ஆம்புலன்ஸ் அறையில் உட்கார்ந்து வாசித்தால் எப்படி இருந்திருக்கும்? பன்னிரண்டு மணி நேரத்தில் எத்தனை வேளை சாப்பாடு, எத்தனை ஊசி, எத்தனை குத்து என்ற கணக்கைப் போடத் தெரிந்தவர் அங்கேதான் இருக்கிறார். அவரை யாரும் சாட்சிக்குக் கூப்பிடுவதில்லை. தொழிற்சங்கங்களும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நம் கோரிக்கைப் பட்டியல்களில் சம்பளம், போனஸ், நிரந்தரம் இருக்கும். சாப்பாட்டு இடைவேளையை மருந்தாகக் கேட்கும் வரி இருக்காது.

என்ன கேட்கலாம்? செவிலியர் கற்கும் நேரம் சம்பளம் உள்ள வேலைநேரமாக வேண்டும். ஆலைச் செவிலியர், அரசுச் செவிலியர், கிராம சுகாதார செவிலியர், 'தன்னார்வலர்' எல்லோரும் கம்பெனி ஸ்பான்சர் இல்லாமல் கூடிப் பேச, தாலுகா அளவிலாவது மாதம் ஒருநாள் வேண்டும், தமிழில். பதிவேட்டின் தனிமனிதத் தகவல் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. பெயர் நீக்கிய தொகுப்பு தொழிலாளர்களுக்கும் பொதுச் சுகாதாரத் துறைக்கும் போக வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக, ஒப்பந்தம் முடிந்து போகிற செவிலியர் தன் நோட்டை அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போக ஒரு ஏற்பாடு வேண்டும்.

நோட்டு என்று சொன்னது உவமை கிடையாது. பதிவேட்டுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டை இந்தச் செவிலியர்களில் சிலர் வைத்திருக்கிறார்கள். ஒன்றைப் புரட்டிப் பார்க்கக் கிடைத்தது. பெயர்கள் இல்லை. 'பஸ் அண்ணன்', 'கேட் தாத்தா', 'பெயின்ட் ஷாப் தம்பி' என்று இருந்தது. பக்கத்தில் ஷிப்ட், சாப்பிட்ட நேரம், மூடியின் நிறம். 1–0–1 என்று அச்சடித்தாற்போல எழுதி, அதற்குக் கீழே 'சி ஷிப்ட்' என்று போட்டு, எண்களை அடித்து, சாப்பாட்டு நேரங்களை எழுதி, கடைசியில் ஒரு கேள்விக்குறி: 'டாக்டரிடம் கேட்கணும்.' சில பக்கங்களில் அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் பதில் இருந்தது. பல பக்கங்களில் இடம் காலியாக இருந்தது.